கழிவிலிருந்து வரும் மீத்தேனின் பங்கை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் முறை

மீத்தேன் புவியை வெப்பமூட்டும் வாயுக்களில் ஒன்று. ஐரோப்பிய ஆணையம் 2020இல் வெளியிட்ட மீத்தேன் செயல்திட்ட அறிக்கையின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் 53 விழுக்காடு வேளாண்மையிலிருந்தும், 26 விழுக்காடு கழிவிலிருந்தும், 19 விழுக்காடு எரிசக்தித் துறையிலிருந்தும் வருகிறது. இந்தியா ஐநா காலநிலை உடன்படிக்கைக்கு அளித்த மூன்றாவது ஈராண்டு அறிக்கையோ, 2016ஆம் ஆண்டில் நாட்டின் மீத்தேனில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு, கழிவின் பங்கு 14.5 விழுக்காடு, எரிசக்தியின் பங்கு 10.6 விழுக்காடு என்கிறது. இந்த 26ஐயும் 14.5ஐயும் அருகருகே நிறுத்தி ஒரு பட்டை வரைபடம் போட்டால், குப்பையைக் கையாள்வதில் இந்தியா ஐரோப்பாவை முந்திவிட்டது போலத் தோன்றும். சென்னையின் பெருங்குடி குப்பைக்கிடங்கை ஒருமுறை கடந்து போனவர்கூட இதை ஏற்கமாட்டார். எண்கள் இரண்டும் அதிகாரபூர்வமானவை. அவற்றை ஒப்பிட்ட விதத்தில்தான் பிழை இருக்கிறது.

பங்கு என்பது ஒரு பின்னம். அதன் தொகுதியில் கழிவிலிருந்து வரும் மீத்தேன் இருக்கிறது. பகுதியில் மாடும் நெல்வயலும் நிலக்கரிச் சுரங்கமும் எரிவாயுக் குழாயும் கழிவும் சேர்ந்த மொத்தம் இருக்கிறது. இரண்டு நாடுகளின் பின்னங்களை ஒப்பிடுகிறவர், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே திறந்து பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எந்த வரிசையில் செய்வது, எந்த இடங்களில் சறுக்கல் நேர்கிறது என்பதை, இந்தக் கணக்கைப் போட விரும்பும் மாணவர்கள், செய்தியாளர்கள், உள்ளாட்சித் துறையில் பணியாற்றுவோர் ஆகியோருக்காக இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணிதமும் ஒரு கணக்குத் தாளும் இருந்தால் போதும்.

கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"எந்த நாட்டில் கழிவின் பங்கு அதிகம்?" என்பது ஒரு கேள்வி. "எந்த நாடு கழிவை மோசமாகக் கையாள்கிறது?" என்பது வேறொரு கேள்வி. "மீத்தேனைக் குறைக்க நினைக்கும் ஒரு நாடு முதலில் எந்தத் துறையில் கைவைக்க வேண்டும்?" என்பது மூன்றாவது. பங்கு என்ற அளவு முதல் கேள்விக்கு நேரடியாகவும், மூன்றாவது கேள்விக்கு ஓரளவும் விடை தரும். இரண்டாவது கேள்விக்கு அது விடையே அல்ல. ஆனால் வெளியாகும் பெரும்பாலான ஒப்பீடுகள் முதல் கேள்வியின் எண்ணை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பதிலாக நீட்டுகின்றன. ஆகவே, தரவைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் கேள்வி எது என்பதை ஒரே வாக்கியத்தில் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

தொகுதி: 'கழிவு' என்ற சொல்லுக்குள் இருப்பவை

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் ஐந்தாவது பாகம் கழிவுக்கானது. அதில் நான்கு உட்பிரிவுகள் உள்ளன: நிலத்தில் கொட்டப்படும் திடக்கழிவு, உரமாக்கல் போன்ற உயிரியல் முறைகள், எரித்தல், கழிவுநீர். மீத்தேனைப் பொறுத்தவரை முதலாவதும் கடைசியும்தான் பெரியவை. நாம் 'கழிவு' என்றவுடன் குப்பைமேட்டை மட்டும் நினைக்கிறோம். ஆனால் இந்தியாவின் கணக்கில் கழிவுத் துறையின் பெரும்பகுதி குப்பையிலிருந்து வருவதல்ல. வீடுகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் கழிவுநீரிலிருந்து வருவது. செப்டிக் டேங்க், திறந்த சாக்கடை, தேங்கி நிற்கும் கால்வாய், ஆலைக் கழிவுநீர்க் குட்டை எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு: அங்கே கழிவு மீத்தேனில் மிகப் பெரும்பங்கு குப்பைக்கிடங்குகளுடையது. உட்பிரிவைப் பார்க்காமல் இரு நாடுகளின் 'கழிவு' வரியை ஒப்பிட்டால், ஒரு பக்கம் சாக்கடையும் மறுபக்கம் குப்பைமேடும் நிற்கும். இரண்டுக்கும் தீர்வுகள் முற்றிலும் வேறு.

கழிவு போலத் தோன்றினாலும் இந்தத் துறையில் சேராதவையும் உண்டு. மாட்டுச் சாணத்திலிருந்து வரும் மீத்தேன் வேளாண்மையின் கணக்கு. வயலில் வைக்கோலையும் அறுவடைக்குப் பின் நிற்கும் அடித்தாளையும் எரிப்பதும் வேளாண்மைக்கே போகும். குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால் அந்த உமிழ்வு எரிசக்தித் துறைக்குச் சென்றுவிடும். மறுபக்கம், உணவுத் தொழிலின் கழிவுநீர் கழிவுத் துறைக்குள் வரும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர்க் குட்டைகள் பெரிய மீத்தேன் ஊற்றுகள். நம் சேலம் வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து வடித்த கழிவுநீரும் அதே இனம்தான். அந்த நீரை மூடிய கலனில் செரிக்கவைத்து, வரும் வாயுவை ஆலையிலேயே எரித்துப் பயன்படுத்தினால், அந்த அளவுக்குக் கழிவுத் துறையின் மீத்தேன் குறையும். திறந்த குட்டையில் விட்டால் முழுவதும் அதன் கணக்கில் ஏறும்.

ஆகவே உங்கள் தாளில் 'கழிவு' என்று ஒரே நெடுவரிசை வைக்காதீர்கள். திடக்கழிவு, வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவுநீர், ஏனையவை என்று குறைந்தது நான்கு நெடுவரிசைகள் வேண்டும். ஒரு நாட்டுக்கு இந்தப் பிரிப்பு கிடைக்கவில்லையென்றால், அந்த நாட்டை மொத்த ஒப்பீட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, உட்பிரிவு ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவதே நேர்மை.

பகுதி: எதன் மொத்தம்?

இங்கேதான் அதிகமானோர் வழுக்கி விழுகின்றனர். கழிவின் பங்கு என்று சொல்லப்படும் எண், குறைந்தது மூன்று வெவ்வேறு மொத்தங்களின்மீது கணக்கிடப்பட்டிருக்கலாம்.

முதலாவது, மனிதச் செயல்களால் வரும் மீத்தேன். உலக அளவில் இதில் கழிவின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு உலக மீத்தேன் மதிப்பீடு கூறுகிறது. இரண்டாவது, இயற்கையான சதுப்புநிலம் முதலியவற்றையும் சேர்த்த முழு மீத்தேன். மனிதச் செயல்களின் பங்கு அதில் சுமார் 60 விழுக்காடு என்பதால், அதே கழிவு இப்போது 12 விழுக்காடாகச் சுருங்கிவிடும். மூன்றாவது, கரியமில வாயு உட்பட எல்லாப் பசுமைக்குடில் வாயுக்களும் சேர்ந்த மொத்தம். இந்தியாவின் 2016 கணக்கில் கழிவுத் துறைக்கு இந்த மொத்தத்தில் கிடைக்கும் பங்கு 3 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. "கழிவின் பங்கு 3 விழுக்காடு" என்று ஒருவரும் "14.5 விழுக்காடு" என்று மற்றொருவரும் எழுதினால் இருவரும் சரியாகவே எழுதியிருக்கலாம், இரண்டையும் எடுத்து ஒப்பிடுகிறவர்தான் தவறு செய்கிறார்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நிலப் பயன்பாடு, காடு ஆகியவற்றிலிருந்து வரும் மீத்தேனைச் சில நாடுகள் மொத்தத்தில் சேர்க்கின்றன, சில விலக்குகின்றன. சீனா 2014ஆம் ஆண்டுக்கு அறிக்கையிட்ட மீத்தேன் ஏறத்தாழ 5.53 கோடி டன்; அதில் கழிவு சுமார் 66 லட்சம் டன், அதாவது 11.9 விழுக்காடு. ஆனால் அந்த மொத்தத்தில் நிலப் பயன்பாட்டின் 17 லட்சம் டன் சேர்ந்திருக்கிறது. இந்தியாவின் 14.5 விழுக்காடு அதைச் சேர்க்காத மொத்தத்தின்மீது கணக்கிடப்பட்டது. ஆகவே சீனாவின் மொத்தத்திலிருந்தும் அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கழிவின் பங்கு 12.3 விழுக்காடாகும். வேறுபாடு சிறியதுதான். ஆனால் காட்டுத் தீயும் சதுப்பு நிலமும் அதிகமுள்ள நாடுகளில் அது சிறியதாக இருக்காது.

பகுதியின் ஆற்றலைக் கண்ணால் காண ஓர் எளிய பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். வேளாண்மையை மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டு, மீதமுள்ள மீத்தேனில் கழிவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண்மை போக மீதம் 47; அதில் கழிவு 26; பங்கு 55 விழுக்காடு. இந்தியாவில் வேளாண்மை போக மீதம் 26. அதில் கழிவு 14.5, பங்கு மீண்டும் ஏறத்தாழ 55 விழுக்காடு. முதல் பத்தியில் மலைபோலத் தெரிந்த வேறுபாடு அப்படியே மறைந்துவிட்டது. அதாவது 26க்கும் 14.5க்கும் இடையிலான இடைவெளியை உண்டாக்கியவை இந்தியாவின் மாடுகளும் எருமைகளும் நெல்வயல்களும்தானே தவிர, குப்பையைக் கையாளும் திறமை அல்ல. இதே கணக்கைச் சீனாவுக்குப் போட்டால் 20 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் அங்கே எரிசக்தித் துறையின் மீத்தேன் மட்டும் சுமார் 2.5 கோடி டன். அதில் பெரும்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசிவது. சீனாவில் கழிவின் பங்கு குறைவாகத் தெரிவதற்குச் சுரங்கமே முதற்காரணம்.

இதை எதிர்த்திசையிலும் செய்து பார்க்கலாம். இந்தியாவின் வேளாண் மீத்தேன் கால்பங்கு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டில் ஒரு கூடை குப்பைகூடக் கூடாமலேயே கழிவின் பங்கு 14.5இலிருந்து 17.7 விழுக்காடாக ஏறிவிடும். ஆண்டுக்கு ஆண்டு பங்கு எப்படி மாறுகிறது என்று எழுதுவோர் இதை மனத்தில் இருத்த வேண்டும்: பங்கு ஏறியதா என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், டன் ஏறியதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அலகைச் சரிசெய்தல்

மீத்தேனைப் பெரும்பாலான அறிக்கைகள் 'கரியமில வாயுவுக்கு இணையான டன்' என்ற அலகில் தருகின்றன. ஒரு டன் மீத்தேன் நூறாண்டுக் காலத்தில் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பமூட்டும் என்ற பெருக்கெண்ணைக் கொண்டு இந்த மாற்றம் செய்யப்படுகிறது. அந்தப் பெருக்கெண் ஐபிசிசியின் இரண்டாம் மதிப்பீட்டில் 21, நான்காவதில் 25, ஐந்தாவதில் 28. ஆறாவது மதிப்பீடு மாடு, வயல், கழிவு போன்ற உயிர்ப்பொருள்வழி மீத்தேனுக்கு 27, நிலக்கரி, எரிவாயு போன்றவற்றிலிருந்து வரும் புதைபடிவ மீத்தேனுக்கு 29.8 என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. இருபது ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் பெருக்கெண் 80ஐ ஒட்டி வரும்.

இந்தியாவின் 2016 மீத்தேன் 40.9 கோடி இணை டன் என்று அறிக்கையிடப்பட்டது 21 என்ற பெருக்கெண்ணின்படி. அதை 21ஆல் வகுத்தால் 1.95 கோடி டன் மீத்தேன் கிடைக்கும். தெரியாமல் 28ஆல் வகுத்தால் 1.46 கோடி டன் என்று வரும். நாட்டின் மீத்தேனில் கால்பங்கு தாளிலேயே காணாமல் போய்விடும். ஒரே நாட்டுக்குள், ஒரே பெருக்கெண்ணைக் கொண்டு எல்லாத் துறைகளையும் கணக்கிட்டிருந்தால் பங்கு மாறாது. ஆனால் டன்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போதும், எல்லா வாயுக்களும் சேர்ந்த மொத்தத்தில் பங்கு பார்க்கும்போதும், புதைபடிவ மீத்தேனுக்குத் தனிப் பெருக்கெண் வைக்கும்போதும் விடை மாறும். பாதுகாப்பான வழி ஒன்றுதான்: எல்லா எண்களையும் அவற்றுக்குரிய பெருக்கெண்ணால் வகுத்து, வெறும் மீத்தேன் டன்னாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.

ஒரு டன் காய்கறிக் கழிவைப் பின்தொடர்தல்

கழிவு மீத்தேனைக் கருவி வைத்து அளந்து அறிக்கையிடும் நாடு அரிது. ஏறக்குறைய எல்லாமே கணக்கீடு. அந்தக் கணக்கீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கையால் செய்து பார்க்காதவர், இரண்டு நாடுகளின் எண்களை ஒப்பிடும் தகுதியைப் பெற்றுவிட்டார் என்று நான் கருதமாட்டேன்.

கோயம்பேடு சந்தையிலிருந்து ஒரு டன் வாழையிலையும் கோஸ் தழையும் அழுகிய தக்காளியும் கிடங்குக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஐபிசிசியின் 2006 வழிகாட்டுதல் தரும் பொது மதிப்பின்படி, ஈரமான உணவுக் கழிவின் எடையில் 15 விழுக்காடு மக்கக்கூடிய கார்பன்: 150 கிலோ. அதில் பாதியே உண்மையில் சிதையும்: 75 கிலோ. சிதைந்து வரும் வாயுவில் பாதி மீத்தேன், பாதி கரியமில வாயு. ஆக மீத்தேனாக மாறும் கார்பன் 37.5 கிலோ. பன்னிரண்டு பங்கு கார்பன் பதினாறு பங்கு மீத்தேனாவதால், 16/12ஆல் பெருக்கினால் 50 கிலோ மீத்தேன். இதுவே அந்த ஒரு டன் தரக்கூடிய உச்சம்.

இனி அது எங்கே கொட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு திருத்தக் காரணி வருகிறது. மண் மூடி, இறுக்கி, காற்று புகாமல் பராமரிக்கப்படும் கிடங்குக்கு 1.0. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த, பராமரிப்பற்ற குப்பைமேட்டுக்கு 0.8. காற்றோட்டக் குழாய்கள் பதித்து நடத்தப்படும் ஜப்பானிய அரைக்காற்று முறைக் கிடங்குக்கு 0.5. ஊர் ஓரத்தில் மெல்லிய படலமாகக் கொட்டிவிட்டுப் போகும் ஆழமற்ற இடத்துக்கு 0.4. ஆக அதே ஒரு டன் காய்கறி, கணக்கில் 50 கிலோவாகவும் 40 கிலோவாகவும் 20 கிலோவாகவும் எழுதப்படலாம்.

இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒழுங்காக நடத்தப்படும் கிடங்குதான் அதிக மீத்தேன் தருகிறது, ஏனென்றால் மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குப்பையை ஒரே பெரிய கிடங்குக்குக் கொண்டுவந்து மூடி வைக்கும் நாட்டில், வாயுவைப் பிடித்து எரிக்கும் குழாய்கள் கூடவே வராவிட்டால், தூய்மை கூடும்போதே மீத்தேனும் கூடும். சில வளரும் நாடுகளில் கழிவின் பங்கு ஏறுவதை 'நிர்வாகச் சீர்கேடு' என்று எழுதுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். வாயுவைப் பிடித்து எரிக்கும் நாடுகள் அந்த அளவைக் கழித்துவிட்டே அறிக்கையிடுகின்றன என்பதால், கழிப்பதற்கு முன், கழித்த பின் என்ற இரு எண்களையும் தேடி எடுங்கள்.

குப்பையின் சேர்மானமும் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. காகிதத்தின் எடையில் 40 விழுக்காடு மக்கக்கூடிய கார்பன். ஆகவே நன்கு மூடிய கிடங்கில் ஒரு டன் காகிதம் 133 கிலோ மீத்தேன் வரை தரும். உலக வங்கியின் 2018 அறிக்கையின்படி, உணவு, தோட்டக் கழிவு போன்ற மக்கும் குப்பை வருமானம் மிகுந்த நாடுகளின் குப்பையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஏனைய நாடுகளில் பாதிக்கு மேல். ஆனால் செல்வ நாடுகளின் குப்பையில் காகிதமும் அட்டையும் மிகுதி. மக்கும் குப்பை அதிகம் என்பதாலேயே மீத்தேனும் அதிகம் என்று நேராக முடிவுகட்டிவிட முடியாது.

அடுத்தது காலம். அந்த 50 கிலோவும் ஒரே ஆண்டில் வந்துவிடுவதில்லை; எஞ்சியிருப்பதில் ஒரு குறிப்பிட்ட விகிதம் ஆண்டுதோறும் சிதைகிறது. ஈரமான வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1.7 ஆண்டுகள் போதும். குளிர்ந்த, வறண்ட நாட்டில் சுமார் 11.5 ஆண்டுகள் ஆகும். இதனால்தான் ஐபிசிசி குறைந்தது 50 ஆண்டுகளுக்கான குப்பைத் தரவை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. பிரிட்டன் 1996இல் குப்பைக்கிடங்கு வரியைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் மக்கும் குப்பையைக் கிடங்குக்கு அனுப்புவதைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் செய்தது. ஆனாலும் அங்கே இன்று வெளியாகும் மீத்தேனில் ஒரு பங்கு, அந்தச் சட்டங்களுக்கு முன் கொட்டிய குப்பையினுடையது. ஐரோப்பாவின் பங்கு பல பத்தாண்டு வரலாற்றைச் சுமக்கிறது. சென்னை போன்ற ஊரில் உணவுக் கழிவைப் பொறுத்தவரை அந்தச் சுமை சில ஆண்டுகளுடையதே. நம் ஊரில் ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரித்து உரமாக்கத் தொடங்கினால் பலன் மிக விரைவில் தெரியும் என்பதற்கு இந்த 1.7 என்ற எண்ணே ஆதாரம். இதை ஒவ்வொரு வார்டு கூட்டத்திலும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பங்கோடு சேர்த்துப் போட வேண்டிய கணக்குகள்

பங்கை மட்டும் தனியே வெளியிடாதீர்கள். அதன் அருகே மொத்த டன்னும், தலைக்கு எத்தனை கிலோ என்பதும் இருக்க வேண்டும். இந்தியாவின் கழிவு மீத்தேன் 2016இல் 28 லட்சம் டன். 133 கோடி மக்களுக்குத் தலைக்கு 2.1 கிலோ. சீனாவினுடையது 2014இல் 66 லட்சம் டன். 137 கோடி மக்களுக்குத் தலைக்கு 4.8 கிலோ. அமெரிக்காவில், கழிவுநீரை விட்டுவிட்டுக் குப்பைக்கிடங்குகளை மட்டும் எடுத்தால்கூட, 2022இல் சுமார் 12 கோடி இணை டன். அவர்கள் பயன்படுத்தும் 28ஆல் வகுத்தால் 43 லட்சம் டன். 33 கோடிப் பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 13 கிலோ. பங்குகளாகப் பார்த்தால் இவை 14.5, 12, 17 என்று நெருங்கி நிற்கின்றன. தலைக்கணக்கில் அமெரிக்கா இந்தியாவைப் போல் ஆறு மடங்கு. மூன்றும் வெவ்வேறு ஆண்டுகள் என்பதையும் கவனியுங்கள். முறையை விளக்க இது போதும், வெளியிடும் ஒப்பீட்டுக்கு ஒரே ஆண்டின் எண்கள் வேண்டும்.

தலைக்கணக்கும் முழுப் படம் அல்ல. கொட்டப்படும் ஒரு டன் குப்பைக்கு எத்தனை கிலோ மீத்தேன் என்ற விகிதம்தான் கையாளும் திறமைக்கு மிக அருகில் வரும் அளவு. சிங்கப்பூர் எரியக்கூடிய குப்பையில் ஏறத்தாழ முழுவதையும் எரித்துச் சாம்பலைச் செமக்காவ் தீவுக்கு அனுப்புகிறது. குப்பை அதிகம், குப்பை மீத்தேன் மிகக் குறைவு. தலைக்கணக்கில் இந்தியாவின் எண் சிறியதாக இருப்பதற்கு நாம் குறைவாக நுகர்வதும், குறைவாகச் சேகரிப்பதும் காரணம் என்பதை இந்த மூன்றாவது விகிதமே வெளிக்கொணரும்.

நாட்டுக்குள் மாநிலங்களையோ நகரங்களையோ ஒப்பிடுவோர் எல்லைச் சிக்கலையும் தீர்க்க வேண்டும். ஒரு நகரம் தன் குப்பையைப் பக்கத்து ஊராட்சியில் கொட்டினால், அந்த மீத்தேன் யாருடையது? கொட்டிய இடத்தின்படி கணக்கிட்டால் நகரம் தூய்மையாகவும் ஊராட்சி அழுக்காகவும் தெரியும். உருவான இடத்தின்படி கணக்கிடுவதே நியாயம் என்பது என் எண்ணம். எதைத் தேர்ந்தாலும் எல்லா ஊர்களுக்கும் அதையே தேர்ந்தெடுங்கள்.

தரவு மூலத்தைக் கலக்கக் கூடாது

ஒரு நாட்டுக்கு அதன் அரசு அறிக்கையையும் மற்றொரு நாட்டுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் எட்கார் தரவுத்தளத்தையும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. எட்கார் இந்தியாவுக்குக் காட்டும் மொத்த மீத்தேன், இந்தியாவின் சொந்த அறிக்கை காட்டுவதைவிடக் கணிசமாக அதிகம். ஒரே மூலம், ஒரே ஆண்டு, ஒரே பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டுகளின் எண்களும் புதிய பதிப்பில் திருத்தப்படுவதால் பதிப்பைக் குறித்துவைப்பது இன்றியமையாதது.

வானிலிருந்து சரிபார்த்தல்

2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி நாள்தோறும் மீத்தேனைப் பார்க்கிறது. பியூனஸ் அயர்ஸ், டெல்லி, லாகூர், மும்பை ஆகிய நான்கு நகரங்களைப் பற்றி 2022இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வு, நகர அளவிலான உமிழ்வு, கணக்கேடுகள் சொல்வதைவிட 1.4 முதல் 2.6 மடங்கு அதிகம் என்றும், அதில் குப்பைக்கிடங்குகளின் பங்கு 6 முதல் 50 விழுக்காடு வரை வேறுபடுகிறது என்றும் கண்டது. அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட கிடங்குகளை விமானத்திலிருந்து அளந்து 2024இல் வெளியிட்ட ஆய்விலும், அளந்த அளவு அறிக்கையிட்டதைவிட 1.4 மடங்காக இருந்தது. ஆகவே குறைத்து மதிப்பிடப்படுவது வளரும் நாடுகளில் மட்டும் நடப்பதல்ல.

ஆனால் செயற்கைக்கோள் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. ட்ரோபோமியின் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 5.5க்கு 7 கிலோமீட்டர். அப்படியொரு செவ்வகத்தைப் பெருங்குடியின்மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே குப்பைக்கிடங்கு இருக்கும். அதை ஒட்டிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். சுற்றிலும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கும். முதலாவது திடக்கழிவு, இரண்டாவது கழிவுநீர், மூன்றாவது இயற்கை ஊற்று, எந்த நாட்டின் கழிவுக் கணக்கிலும் சேராதது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மூன்றும் ஒரே மூச்சு. சில பத்து மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் ஜிஎச்ஜிசாட் போன்ற கருவிகளே இதைப் பிரித்துக் காட்டக்கூடியவை. மேலும் காற்றழுத்தம் குறையும் வேளையில் கிடங்கிலிருந்து வாயு அதிகமாக வெளியேறும் என்பதால், ஒரு நாள் நண்பகலில் எடுத்த படத்தை 365ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்காக்குவதும் தவறு.

வெளியிடும்போது

தரமான குப்பைத் தரவு இல்லாத நாடுகளில் திடக்கழிவு மதிப்பீட்டின் நிச்சயமின்மை இரண்டு மடங்கையும் தாண்டலாம் என்று ஐபிசிசியே எச்சரிக்கிறது. ஆகவே 14.5க்கும் 12க்கும் இடையிலான வேறுபாட்டை வைத்து நாடுகளைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். எண்களை 14.46 என்று இரண்டு தசம இடங்களுக்கு எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். முழு எண்ணோ அரை எண்ணோ போதும். வரைபடத்தில் பங்கின் பட்டைக்குப் பக்கத்திலேயே டன்னின் பட்டையையும் வையுங்கள்.

வரைபடத்தின் அடியில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். அதன் மாதிரி இப்படி இருக்கலாம்: "இந்தியா, 2016, அரசின் மூன்றாவது ஈராண்டு அறிக்கை, மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் கழிவின் பங்கு, நிலப் பயன்பாடு நீங்கலாக, இணை டன்களை 21ஆல் வகுத்து மீத்தேன் டன்னாக மாற்றப்பட்டது, கழிவு என்பது திடக்கழிவும் கழிவுநீரும் சேர்ந்தது, சாணமும் பயிர்க்கழிவு எரிப்பும் சேராதவை." ஒப்பிடும் ஒவ்வொரு நாட்டுக்கும் இதே வரியை எழுதிப் பாருங்கள், எந்த நாட்டுக்கு இதன் ஒரு சொல்லை நிரப்ப முடியவில்லையோ, அந்த நாட்டின் பட்டையை அழித்துவிட்டுத் தரவைத் தேடத் திரும்பிச் செல்லுங்கள்.